மண்ணுக்கடியில் இருக்கும் பாரம்

வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நம் மலையடிவாரத்துப் பங்குகளிலிருந்து காவி உடுத்திக் கால்நடையாகச் செல்வோர் உண்டு. அவர்கள் கடந்து செல்லும் தஞ்சை, திருவாரூர் மாவட்டத்து ஊர்களில் ‘மீத்தேன்’ என்ற சொல் 2013ஆம் ஆண்டையொட்டிச் சுவர்தோறும் எழுதப்பட்டிருந்தது. அவ்வழி சென்று திரும்பிய குடும்பத் தலைவர் ஒருவர் நம்மிடம் கேட்ட வினா இது: “சாமி, நம்ம பொட்டிபுரத்து மலையைக் குடைஞ்சா பாறை வெடிக்கும்னாங்க. மன்னார்குடிப் பக்கம் மீத்தேன் எடுத்தா தண்ணி வத்திப் பூமி இறங்கும்ங்கறாங்க. ரெண்டும் ஒரே சங்கதிதானா?”

கேட்டவர் பள்ளிப்படிப்பை அதிகம் கண்டவரல்லர். ஆயினும் இதைவிடப் பொருத்தமான வினாவை நாம் கற்றோர் அவைகளிலும் கேட்டதில்லை. இரண்டும் ஒரே சங்கதி அன்று. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. பூமிக்கடியில் எதுவும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு பாறையும் தனக்கு மேலுள்ள அனைத்தையும் சுமந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சுமையைப் பற்றித்தான் இம்மாதம் எழுத விழைகிறோம்.

போடியில் ஏலக்காய் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதைக் கண்டிருக்கிறோம். மேல் மூட்டைக்குக் கவலை இல்லை. அடி மூட்டையோ அத்தனையையும் தாங்கிப் பிதுங்கி நிற்கும். பாறையின் நிலையும் அதுவே. பொட்டிபுரத்து அம்பரப்பர் மலை நீரைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு எடையுள்ள கடினமான சார்னோக்கைட் பாறையாலானது. அதன் அடியில் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின்மேல், அதாவது கட்டைவிரல் நகத்தளவு இடத்தின்மேல், எவ்வளவு பாரம் இருக்கும் என்று கணக்கிட்டால் 270 கிலோ வருகிறது. பள்ளிப்பிள்ளையும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

இந்த மலையைத்தான் 2010ஆம் ஆண்டில் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்குத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் நீலகிரியின் சிங்காரா கேட்கப்பட்டது. முதுமலைப் புலிகளையும் யானைகளையும் கருதி 2009இல் அது மறுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள குகைவழி. அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட பெருங்குகை. அதனுள் 50,000 டன் இரும்பாலான கருவி. இதுவே திட்டம். எல்லாத் திசையிலும் ஒரு கிலோமீட்டர் பாறை சூழ்ந்திருந்தால்தான் வானிலிருந்து பொழியும் பிற துகள்கள் வடிகட்டப்படும் என்பதால், மலையின் பாரமே அவர்களுக்கு வேண்டியதாயிருந்தது.

அக்காலத்தில் நம் ஊர்களில் பரவிய பேச்சுகளில் சில ஆதாரமற்றவை. நியூட்ரினோ உடலைத் துளைத்து நோய் தரும் என்றனர். சூரியனிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலினூடே சென்றுகொண்டுதான் இருக்கின்றன. ஆதாம் காலந்தொட்டு அவற்றால் எவரும் நோயுற்றதில்லை. ஆனால் பாறையைப் பற்றிய கேள்வி வெறும் பேச்சன்று. இத்துணை அழுத்தத்தில் பாறை வெடித்து உதிரவும் கூரை சரியவும் கூடும் என்பதை மாநில மதிப்பீட்டுக் குழுவினரே சுட்டிக்காட்டினர். லட்சக்கணக்கான டன் பாறையை வெடிவைத்து எடுப்பதால் எழும் தூசியும், ஊற்றுக்கண்களின் கதியும் மெய்யான கேள்விகளே. 2018 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு காட்டுக்கும் இடையே புலிகள் நடமாடும் வழி இது என்று கூறித் தமிழக அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது.

மலையைக் குடைந்தால் அதன் பாரம் எங்கே போகிறது? மறைந்து போவதில்லை. நம் கோவில் தலைவாசலின் வளைவைப் பாருங்கள். மேற்சுவரின் எடையை வளைவு வாங்கி இரு பக்கத் தூண்களிலும் இறக்குகிறது. குகைக்குள்ளும் அவ்வாறே, எடுக்கப்பட்ட பாறை தாங்கிய சுமையைச் சுற்றியுள்ள பாறை ஏற்றுக்கொள்கிறது. ஏற்க இயலாதபோது கடினப் பாறையானது நாணேற்றிய வில் முறிவதுபோல் திடீரெனச் சிதறுகிறது.

இதைத் தமிழர் புத்தகத்தில் படித்து அறியவில்லை, உடம்பால் அறிந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பகுதிகளிலிருந்தும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குக் குடிபெயர்ந்தன. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்கு இறங்கிய சுரங்கம் அது. அங்கே பாறை வெடிப்பு வாழ்வின் ஓர் அங்கமாயிருந்தது. கீழே வெடித்தால் மேலே குடியிருப்புகள் குலுங்கும். யோபு ஆகமத்தின் 28ஆம் அதிகாரம் மனிதர் காலடி படாத ஆழத்தில் கயிற்றில் தொங்கித் தாது தேடும் தொழிலாளரைப் பேசுகிறது; அதை வாசிக்குந்தோறும் தங்கவயல் மக்களே நம் நினைவுக்கு வருகின்றனர். இதே தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டவற்றுள் ஒன்று பதிவாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆட்கள் ஏறிவிட்டார்கள், நீர் நிரம்பியது. அதன் பின்னும் சிற்றதிர்வுகள் பதிவாயின. மனிதர் வேலையை நிறுத்திவிடலாம். இடம் மாறிய பாரம் உடனே அடங்கிவிடுவதில்லை.

இனி நிலக்கரிக்கு வருவோம். மன்னார்குடிக் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நிலக்கரி சார்னோக்கைட் போன்று கெட்டியானதன்று. மிருதுவானது, நொறுங்குவது, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வெடிப்புகள் ஓடும் உடல் கொண்டது. அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணிறந்தவை. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் நூறு சதுர மீட்டர் அளவுக்கு வரும் என்பர். தொன்மையான காடுகள் புதையுண்டு கரியானபோது உண்டான மீத்தேன் வாயு இந்த உட்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குகையில் அடைபட்ட காற்றைப் போன்றதன்று அது; துணியில் ஏறிய வாசனையைப் போல் பற்றியிருப்பது. ஒரு டன் நிலக்கரியில் சில கன மீட்டர் முதல் இருபது கன மீட்டருக்கு மேலும் வாயு இருக்கக்கூடும். அதைப் பிடித்து வைத்திருப்பது அழுத்தம். குறிப்பாக, வெடிப்புகளில் நிரம்பி நிற்கும் நீரின் அழுத்தம்.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி அழுந்தியிருக்கும் வரை வாயு எங்கே என்று தெரியாது. கோலியைத் தட்டிய கணமே பொங்கும். மீத்தேன் எடுக்கும் முறையும் ஏறக்குறைய அதுவே. ஆழ்துளைக் கிணறு இறக்கி, நிலக்கரிப் படலத்தின் நீரை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் இறைத்து வெளியேற்றுகிறார்கள். நீர் குறைய அழுத்தம் குறையும். அழுத்தம் குறைய வாயு கரியைவிட்டு நீங்கி வெடிப்புகளின் வழியே கிணற்றுக்கு வரும். ஆகவே முதலில் வருவது நீர், பிறகே வாயு. தஞ்சை உழவர்கள் அஞ்சியது இந்த முதல் அடியைத்தான்.

ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு நிலக்கரிப் படலத்தை எடுத்துக்கொள்வோம். மேலுள்ள பாறையின் பாரம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 125 கிலோ. வெடிப்புகளில் உள்ள நீர் மேல்மட்டம் வரை தொடர்ந்து நிற்குமானால் அது 50 கிலோ அளவுக்கு உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளுகிறது. மிச்சம் 75 கிலோதான் கரியின் உடல்மேல் விழுகிறது. நீரும் பாறையும் இவ்வாறு சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை 1920களில் தெளிவாக வகுத்துரைத்தவர் கார்ல் தெர்சாகி என்னும் ஆஸ்திரியப் பொறியாளர். இன்றைக்கு அணை கட்டுவோரும் அடுக்குமாடி எழுப்புவோரும் அவர் வகுத்த விதியைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். இப்போது நீரை இறைத்துவிடுங்கள். கூடத் தோள் கொடுத்தவன் போய்விட்டான். முழு 125 கிலோவும் கரியின் தலையில் வந்து இறங்குகிறது. மெல்லிய வெடிப்புகள் நெரிந்து மூடிக்கொள்கின்றன. வாயு வரவேண்டிய வழியே அடைபடுகிறது! வாயுவை விடுவிக்கச் செய்த காரியமே அதன் வாசலைச் சாத்துகிறது. அழுத்தம் இரு மடங்கானால் வழி பாதியாகும் என்றும் எண்ணற்க. அதனினும் விரைவாக, மடங்கு மடங்காகக் குறையும். முந்நூறு மீட்டரில் தாராளமாக வாயு தரும் படலம், ஆயிரம் மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் இறுகிப் பயனற்றுப் போவது இதனால்தான்.

இதற்கு எதிரான ஒன்றும் உள்ளே நிகழ்கிறது. கண்மாய் வற்றிய வைகாசியில் வண்டல் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பதைக் காண்கிறோம் அல்லவா? வாயு நீங்க நீங்க நிலக்கரியும் அதுபோல் சுருங்குகிறது. சுருங்குகையில் வெடிப்புகள் அகல்கின்றன. பாரம் வெடிப்பை மூடுகிறது, சுருக்கம் திறக்கிறது. எது வெல்லும் என்பது கரியின் தன்மையையும் ஆழத்தையும் பொறுத்தது. அமெரிக்காவின் சான் யுவான் படுகையில் 1980களிலிருந்து வாயு எடுத்தபோது, ஆண்டுகள் செல்லச் செல்ல வழி தாராளமான கிணறுகள் உண்டு. வேறு பல இடங்களில் மூடிக்கொண்டதே மிச்சம்.

மேலிருந்து அழுத்துவது மட்டுமே பாரம் என்றும் நினைக்கலாகாது. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து இமயத்தை நெருக்குவதால் நம் காலடிப் பாறை பக்கவாட்டிலும் அழுந்தியிருக்கிறது. வழி அடைபட்ட இடத்தில் நீரையும் மணலையும் மிகுந்த விசையோடு செலுத்திப் பாறையைப் பிளப்பார்கள். வங்காளத்து ராணிகஞ்சில் இம்முறையைக் கையாண்டுள்ளனர். அந்தப் பிளவு நாம் விரும்பும் திசையில் ஓடுவதில்லை. எத்திசையில் நெருக்குதல் குறைவோ அத்திசையில் விரிகிறது. ஆகவே ஒரு நிலத்தின் உள்ளழுத்தத்தை அளக்காமல் அங்கே பிளவு உண்டாக்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கோடரி வீசுவதற்கு ஒப்பாகும்.

மீத்தேன் எடுப்பதே தீது என்று நாம் கூறவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் இவ்வாயு எமன். 1958 பிப்ரவரியில் ராணிகஞ்ச் வயலின் சினாகுரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து நூற்றெழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1965 மே 28 அன்று தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர். சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலியான புனித பார்பராவின் திருநாளை டிசம்பர் 4ஆம் நாள் ஐரோப்பியச் சுரங்க ஊர்கள் கொண்டாடுவது வெறும் சடங்கன்று. அன்று காலை இறங்கியவன் மாலை ஏறுவான் என்ற உறுதி அவ்வூர்களில் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. கரியை வெட்டுமுன் வாயுவை வடித்தெடுப்பது உயிர்காக்கும் செயல். அங்கும் அழுத்தத்தின் கணக்கே உதவுகிறது: ஒரு படலத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு மேலும் கீழும் உள்ள படலங்களின் பாரம் தளர்ந்து, இறுகியிருந்த வாயு தானே இளகி வருகிறது. எவ்விடத்தில், எவருடைய நிலத்தடியில், எவர் நீரை விலையாகக் கொடுத்து என்பதுதான் கேள்வி.

காவிரிப் படுகையில் நிலத்தடி அழுத்தம் என்பது புதிய செய்தியன்று. நெய்வேலியில் 1957இல் சுரங்க வேலை தொடங்கியபோது பொறியாளர்களை மிரட்டியது பழுப்பு நிலக்கரிக்கு அடியில் கிடந்த ஊற்று நீர். சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ விசையோடு அது மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. மேலிருந்த மண்ணை அகற்றிவிட்டால் அந்நீர் சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு வரும். ஆதலால் இரவு பகலாக நீரை இறைத்தே கரி எடுத்தனர். சுற்று வட்டார உழவர்கள் தங்கள் கிணறுகளின் மட்டம் இறங்கியதை எவரும் சொல்லாமலே தெரிந்துகொண்டார்கள்.

அதே பழுப்பு நிலக்கரி தெற்கே மன்னார்குடி வரையில் மிகுந்த ஆழத்தில் பரந்து கிடக்கிறது. தமிழகத்தின் மிகப் பெரிய இருப்பு அதுவே. இதிலிருந்து மீத்தேன் எடுக்க 2010 ஜூலையில் மத்திய அரசுடன் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 2011 ஜனவரியில் மாநில அரசுடனும் புரிந்துணர்வு ஏற்பட்டது. பரப்பு 691 சதுர கிலோமீட்டர். இவற்றுள் எதுவும் அந்த 691 சதுர கிலோமீட்டரில் உழுதுகொண்டிருந்தவனுக்கு முன்கூட்டி விளக்கப்படவில்லை என்பதே மக்களின் குறை. நிலம் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியபோது அவன் கேட்டான். கேட்ட பிறகு ஊர் கேட்டது. ஊருக்கு ஊர் நடந்து இதை எடுத்துரைத்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் அப்பணியிலேயே உயிர் நீத்தார்.

உழவர்களின் அச்சம் மிகைப்பட்டதா? நம் மதிப்பீட்டைச் சொல்கிறோம். சில மேடைகளில் மிகைப்பட்டது, அடிப்படையில் நியாயமானது. காவிரிப் படுகை பாறையாலான மலையன்று. மணலும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்த மெத்தை. ஆழத்து நீரை இறைத்தால் மேலடுக்கின் நீரும் கீழே கசியுமா என்பது இடையிலுள்ள களிமண்ணின் கனத்தைப் பொறுத்தது. நீரின் தோள் விலகியதும் களிமண் அமுங்கும்; ஒருமுறை அமுங்கிய களிமண் மீண்டும் நீர் விட்டாலும் பழையபடி உப்புவதில்லை. கடலும் அருகில் இருக்கிறது. நன்னீர் இறங்கிய இடத்திற்கு உப்புநீர் வருவதற்கு அழைப்பு வேண்டியதில்லை. புனித பத்தாம் பத்திநாதர் முதுபெரும் தந்தையாயிருந்த வெனிஸ் மாநகரில், பக்கத்து மார்கேராத் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை இறைத்ததால் நகரமே சில அங்குலம் தாழ்ந்தது. 1970களில் இறைப்பு நிறுத்தப்பட்ட பின் தாழ்வது தணிந்தது. தாழ்ந்த அளவோ மீளவில்லை.

நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயலையும் சொல்லவேண்டும். 1959இல் கண்டறியப்பட்டது. நிலக்கரி வாயுவன்று, மணற்பாறை வாயு. வாயு குறையக் குறையப் பாறை அமுங்கி, பழைய பிளவுகள் நழுவி, நில அதிர்வே அறியாத சமவெளியில் அதிர்வுகள் தோன்றின. 2012 ஆகஸ்டில் 3.6 அளவுள்ள அதிர்வு. ஆயிரக்கணக்கான வீடுகளில் விரிசல். 2023இல் வாயு எடுப்பு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணை, மக்களின் நலன் ஆண்டுக்கணக்கில் புறக்கணிக்கப்பட்டது என்று முடிவு கூறியது. செல்வமும் கல்வியும் மிகுந்த நாட்டிலேயே இப்படியென்றால் நம் நாட்டு உழவன் கேள்வி கேட்பதில் வியப்பென்ன?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடல் இதையே வேறு வகையில் வற்புறுத்தியது. ஒரு திட்டத்தின் பாதிப்பை ஆராய்வது திட்டம் முடிவான பின் ஒட்டவைக்கும் காகிதமாக இருக்கலாகாது. தொடக்கத்திலேயே, மறைவின்றி நடைபெற வேண்டும். அவ்விடத்து மக்களுக்கு அங்கே தனி இடம் உண்டு என்பது அதன் போதனை. பொட்டிபுரத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஊருக்குள் வந்து பேசவே செய்தார்கள். ஆனால் துகளைப் பற்றிப் பேசிய அளவுக்குப் பாறையைப் பற்றிப் பேசியிருந்தால், ஆதாரமற்ற பேச்சு அத்துணைத் தூரம் ஓடியிராது என்பது நம் எண்ணம்.

மன்னார்குடித் திட்டத்தை 2013 ஜூலையில் மாநில அரசு நிறுத்தி வைத்து வல்லுநர் குழு அமைத்தது. குழு திட்டத்திற்கு எதிராகப் பரிந்துரைக்க, 2015 அக்டோபரில் அனுமதி மறுக்கப்பட்டது. 2020 ஜனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்தியது: எண்ணெயும் எரிவாயுவும், நிலக்கரிப் படல மீத்தேன் உட்பட, தேடிப் பார்க்கும் கட்டத்திற்கு இனி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்பது அத்திருத்தம். வாயுவை எடுத்து விற்கும் கட்டம் இச்சலுகைக்குள் வாராது. எனினும் முதற் கிணறு இறங்கும்போது ஊராருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் போய்விட்டது. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை இயற்றிற்று. தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதனுள் வந்தன. நிலக்கரிப் படலத்திற்கு மாவட்ட எல்லை தெரியாது. சட்டத்திற்கு எங்கேனும் கோடு கிழித்தாக வேண்டும்.

அந்தக் கோடு எங்கே விழுந்தது என்பது 2023இல் புலனாயிற்று. மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்திற்கு அறிவித்த பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி என்னும் மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இருந்தன. முதலிரண்டும் பாதுகாக்கப்பட்ட மண்டலத்தினுள் அமைந்தவை. அதிதூதர் பெயர் தாங்கிய மைக்கேல்பட்டியோ அரியலூர் மாவட்டத்தில், கோட்டுக்கு வெளியே இருந்தது. மூன்று இடத்து மக்களும் சேர்ந்தே எதிர்த்தனர். சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியினரும் பேசினர். முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8ஆம் நாள் மூன்று தொகுதிகளும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். நீக்கியது அறிவிப்பால், மைக்கேல்பட்டிக்குச் சட்டத்தின் காவல் அன்று கிடைக்கவில்லை.